நாட்டுச் செடியையும் அயல் செடியையும் ஒரே சட்டத்துக்குள் எண்ணுங்கள்: மரக்காட்டுத் தாவரக் கண்காணிப்புக்கு ஒரு வழிகாட்டி

மரக்காட்டில் தாவரங்களைக் கண்காணிக்கத் தொடங்கிய காலத்தில் நான் ஒரு பெரிய பிழை செய்தேன். அயல் செடியான உண்ணிச்செடியை மட்டுமே எண்ணினேன். எத்தனை தூறுகள், எவ்வளவு உயரம், எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று மூன்று ஆண்டுகள் பக்கம் பக்கமாக எழுதினேன். நான்காம் ஆண்டு அந்தப் புதர்களை வேரோடு அகற்றினோம். அடுத்த மழைக்குப் பிறகு தரையில் பச்சை கிளம்பியது. உடன் வந்த இளைஞர் ஒருவர், “இவற்றில் எவை திரும்பி வந்தவை, எவை புதிதாக நுழைந்தவை?” என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. புதருக்கு அடியிலும் ஓரத்திலும் முன்பு என்னென்ன செடிகள் இருந்தன என்பதை நான் எழுதி வைக்கவே இல்லை. அந்த மூன்று ஆண்டுகளை இனி எந்த உழைப்பாலும் மீட்க முடியாது. இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் வேறு யாருக்கும் அது நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே மரக்காடு என்று நான் சொல்வது, மரங்கள் இருந்தும் விதானம் முழுவதுமாக மூடிக்கொள்ளாமல், வெயில் தரைவரை இறங்கும் காட்டை. அந்த வெயிலால்தான் தரையில் புல்லும் பூண்டும் குறுஞ்செடியும் செழிக்கின்றன. அயல் தாவரங்கள் எளிதாக உள்ளே வருவதற்கும் அதே வெயில்தான் காரணம்.

முதலில் ஒரு பட்டியல்

ஒரு செடி நாட்டுத் தாவரமா, அயல் தாவரமா என்பதை இடத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவில் நாட்டுத் தாவரம். அழகுக்காக அதைக் கொண்டுபோய் வளர்த்த இடங்களில் அது அயல் தாவரம். ஒரே நாட்டுக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு. ஈரமான மலைச்சரிவின் மரத்தைக் கொண்டுவந்து வறண்ட சமவெளிக் காட்டில் நட்டால், அது அங்கே அயல்தான்.

சில செடிகள் நம்மைத் தடுமாற வைக்கும். ஆசியாவில் பல நூற்றாண்டுகளாக வேரூன்றிய புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்றே தாவரவியலாளர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் ஏறத்தாழ 1500-ஆம் ஆண்டில் ஒரு கோடு கிழித்து, அதற்கு முன்பே மனிதரோடு வந்து நிலைத்துவிட்ட செடிகளைத் தனி வகையாக வைக்கிறார்கள். நீங்கள் எந்தக் கோட்டைப் பின்பற்றினாலும் சரி, அதை எழுதி வையுங்கள். என் பட்டியலில் நாடு, அயல், ஐயம் என்று மூன்று வகைகள் உண்டு. இந்த வகைப்பாட்டைக் களத்தாளில் எழுதாமல் தனிப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஒரு செடியைப் பற்றிய அறிவு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஒவ்வோர் இனத்தின் இயற்கையான பரவல் எல்லையை அறிய, லண்டன் கியூ தாவரவியல் தோட்டம் நடத்தும் இணையத் தரவகம் பெரிதும் உதவும். அதோடு, அந்த வட்டாரத் தாவரங்களைக் கரைத்துக் குடித்த ஒருவரிடமும் பட்டியலைக் காட்டிவிடுங்கள்.

அயல் தாவரம் என்றாலே ஆக்கிரமிப்புத் தாவரம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பல்லுயிர் பற்றிய பன்னாட்டு அறிவியல் மன்றமான ஐ.பி.பி.இ.எஸ். 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் நிலைகொண்டுள்ள அயல் தாவர இனங்களில் கேடு செய்பவையாக அறியப்பட்டவை 6 சதவீதம் மட்டுமே. உங்கள் காட்டில் அந்த 6 சதவீதத்தில் சேரக்கூடியது எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள எல்லாச் செடிகளையும் ஒரே கவனத்தோடு எண்ணியாக வேண்டும்.

கட்டம் அமைத்தல்

நான் பல அமைப்புகளை முயன்று பார்த்துவிட்டு, அமெரிக்கச் சூழலியலாளர் தாமஸ் ஸ்டோல்கிரெனும் உடன் பணியாற்றியவர்களும் 1995-இல் வெளியிட்ட ‘திருத்திய விட்டேக்கர்’ கட்டத்தில் வந்து நின்றேன். மொத்தக் கட்டம் 20 மீட்டருக்கு 50 மீட்டர், அதாவது 1,000 சதுர மீட்டர். அதன் நடுவில் 5-க்கு 20 மீட்டரில் ஒரு கட்டம். எதிரெதிர் மூலைகளில் 2-க்கு 5 மீட்டரில் இரண்டு கட்டங்கள். பிறகு அரை மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் பத்துச் சிறு சட்டங்கள், அதாவது தரையில் வைத்து உள்ளிருப்பதை எண்ணும் செவ்வக விளிம்புகள். அவற்றில் ஆறு வெளி எல்லையின் உட்புறத்தை ஒட்டியும், நான்கு நடுக்கட்டத்தின் வெளிப்புறத்தை ஒட்டியும் அமையும். ஒவ்வொரு சட்டமும் சரியாக ஒரு சதுர மீட்டர்.

இத்தனை அளவுகள் எதற்கு என்று முதலில் எனக்கும் சலிப்பாக இருந்தது. சிறு சட்டங்கள் பத்தும் சேர்ந்தால் மொத்தப் பரப்பில் ஒரு சதவீதம்தான். எங்கும் பரவிய செடிகளை அவை நன்றாகப் பிடிக்கும். அரிய நாட்டுச் செடியையும், இப்போதுதான் காலடி வைத்த அயல் செடியையும் பெரிய கட்டத்தை நடந்து பார்த்தால்தான் பிடிக்க முடியும். நாம் எதை விட்டுவிடக் கூடாதோ அவை இரண்டுமே எண்ணிக்கையில் குறைந்தவை.

இன்னொரு காரணமும் உண்டு. இனங்கள் குறைந்த காட்டில்தான் அயலவை எளிதாக நுழையும் என்று ஆங்கிலேயச் சூழலியலாளர் சார்லஸ் எல்ட்டன் 1958-இல் வாதிட்டார். 1999-இல் ஸ்டோல்கிரென் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, நாட்டு இனங்கள் மிகுந்த வளமான இடங்களில்தான் அயல் இனங்களும் மிகுந்திருக்கக் கண்டது. பிற்கால ஆய்வுகள் பலவும் காட்டியது இதுதான்: மிகச் சிறிய பரப்பில் பார்த்தால் எல்ட்டன் சொன்ன வடிவம் அடிக்கடி தெரிகிறது, பரப்பு பெரிதாக ஆக அது தலைகீழாகிறது. ஒரே அளவில் மட்டும் அளப்பவர் இதில் பாதியைத்தான் காண்பார்.

கட்டத்தின் நீளப்பக்கம், நிலத்தில் மாற்றம் எந்தத் திசையில் மிகுதியோ அந்தத் திசையில் ஓட வேண்டும். சரிவாக இருந்தால் மேலிருந்து கீழாக, ஓடைக்கரையாக இருந்தால் கரையிலிருந்து உள்நோக்கி. மூலைகள் செங்கோணமாக அமைய 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போதும். டேப்பை 3 மீட்டரிலும் 7 மீட்டரிலும் மடக்கி, 12 மீட்டரில் மூடினால் செங்கோணம் கிடைத்துவிடும். கடைசியில் மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். அது 53.85 மீட்டர் வர வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றுக்கொன்று 20 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் நான் மூலைகளில் அடித்த முளைகளைப் பிடுங்கி மறுபடி நடுவேன். சரிவில் டேப்பைத் தரையோடு படுக்க விடாமல் கிடைமட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும்.

மூலைகளில் இரும்புக் கம்பியை ஏறத்தாழ முழுவதும் தரைக்குள் அடித்து இறக்குங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முளையை விலங்கு இடறும், மனிதர் பிடுங்குவர். கம்பி இரும்பாக இருந்தால், ஐந்து ஆண்டு இலைக்குப்பைக்கு அடியிலும் உலோகம் காட்டும் கருவி அதைக் காட்டிக்கொடுக்கும். ஜி.பி.எஸ். அளவை மட்டும் நம்ப வேண்டாம். மரத்தடியில் அது சில மீட்டர்கள் பிசகும். அரை மீட்டர் அகலச் சட்டத்துக்கு அந்தப் பிசகு பெரிது.

கட்டத்தை எங்கே வைப்பது? இந்தக் கேள்வியில்தான் மனம் நம்மை ஏமாற்றும். புதர் மண்டிய இடத்தைப் பார்த்ததும் “இங்கே வைப்போம்” என்று கை போகும். அழகான நாட்டுப் புல்வெளியைப் பார்த்தாலும் அப்படியே. இரண்டுமே தவறு. காட்டைப் பாதையோரம், நீரோட்டக் கரை, உட்பகுதி என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவிலும் குலுக்கல் எண்களால் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். புள்ளி முட்புதரின் நடுவில் விழுந்தாலும் அங்கேதான் போக வேண்டும். எத்தனை கட்டங்கள் என்று கேட்டால், ஒரு பருவத்துக்குள் உங்களால் மீண்டும் முழுமையாகப் பார்த்து முடிக்கக்கூடிய அளவு என்பதே என் பதில். ஒருமுறை மட்டும் பார்த்துக் கைவிட்ட நாற்பது கட்டங்களை விட, ஆண்டுதோறும் தவறாமல் பார்க்கும் பத்துக் கட்டங்கள் எனக்கு உயர்ந்தவை.

சட்டத்தைப் பார்க்கும் முறை

சட்டத்தை வைத்ததும் கால்களைச் சட்டத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு மண்டியிடுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் நாற்றுகள் தெரியாது. முதலில் வெற்று மண், இலைக்குப்பை, பாறை, விழுந்த கட்டை ஆகியவை எவ்வளவு சதவீதம் என்று எழுதுங்கள். பிறகு சிறிய செடிகளிலிருந்து தொடங்கிப் பெரியவற்றுக்குப் போங்கள். நான் எப்போதும் நாட்டுச் செடிகளை முதலில் எழுதுகிறேன். பரவிக் கிடக்கும் அயல் புதர் கண்ணை இழுக்கும். அதை முதலில் எழுதிவிட்டால் அதன் அடியில் இருக்கும் மூன்று இலைக் கன்றைத் தேடும் பொறுமை போய்விடும்.

ஒவ்வோர் இனமும் மறைக்கும் பரப்பைச் சதவீதத்தில் எழுத வேண்டும். இதற்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக ஓர் அட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் சட்டத்தில் அது துல்லியமாக ஒரு சதவீதம். அட்டையை மனத்தால் நகர்த்தி நகர்த்திக் கூட்டினால் போதும். செடிகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்திருப்பதால் மொத்தம் 100-ஐத் தாண்டலாம், அது பிழையன்று.

பலர் அமெரிக்கச் சூழலியலாளர் டாபன்மையர் 1959-இல் வகுத்த ஆறு படிநிலைகளைப் பயன்படுத்துகிறார்கள்: 0–5, 5–25, 25–50, 50–75, 75–95, 95–100. விரைவான முறைதான். ஆனால் அயல் தாவரக் கண்காணிப்புக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஓர் அயல் செடி இந்த ஆண்டு 1 சதவீதமும் அடுத்த ஆண்டு 4 சதவீதமும் இருந்தால் நான்கு மடங்கு பெருகியிருக்கிறது என்று பொருள். படிநிலை முறையிலோ இரண்டு ஆண்டும் முதல் படியாகவே பதிவாகும். எளிதில் கையால் பிடுங்கிவிடக்கூடிய அந்த ஆண்டு, தாளில் தடம் பதிக்காமலே கடந்துபோகும். 10 சதவீதம் வரை ஒவ்வொரு சதவீதமாகவும், அதற்கு மேல் ஐந்து ஐந்தாகவும் எழுதுங்கள். ஒரே ஒரு நாற்று இருந்தால் அரை சதவீதம்.

10, 100, 1,000 சதுர மீட்டர் பரப்புகளில் சதவீதம் வேண்டாம். முன்பு எழுதாத இனம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் நடந்து தேடுங்கள். முழுக் கட்டத்துக்கு எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே நேரம் தேட வேண்டும். இல்லாவிட்டால் கூடுதலாகத் தேடியதால் கிடைத்த இனத்தைப் புதிதாக வந்த இனம் என்று நினைத்துவிடுவோம்.

மரங்களுக்கு, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளந்து எண் பொறித்த தகட்டைக் கட்டுங்கள். இளங்கன்றுகளை நடுக்கட்டத்திலும் நாற்றுகளைச் சிறு சட்டங்களிலும் எண்ணுங்கள். இந்த மூன்று வயதையும் பிரித்து எழுதுவது மிக முக்கியம். விதானம் முழுவதும் நாட்டு மரங்களாக நின்ற ஒரு கட்டத்தில், தரையில் ஒரு நாட்டு நாற்றுகூட இல்லாததை நான் பார்த்திருக்கிறேன். மேலே நிமிர்ந்து பார்ப்பவருக்கு அந்தக் காடு நலமாக இருப்பதாகத்தான் தோன்றும்.

களத்தாளில் வெற்றிடம் விடாதீர்கள். தேடியும் காணவில்லை என்றால் 0. பார்க்க முடியாமல் போயிருந்தால் ‘பார்க்கவில்லை’. சில ஆண்டுகளுக்குப் பின் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும் தாள் யாருக்கும் பயன்படாது.

தெரியாத செடி

பூக்காத பருவத்தில் நாட்டு இனமும் அயல் இனமும் ஒன்றுபோலத் தெரியும். சீமைக்கருவேலக் கன்றையும் வன்னிக் கன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலத்தில் முட்கள் இலை பிறக்கும் கணுவில், பெரும்பாலும் இரட்டையாக இருக்கும். வன்னியில் சிறு முட்கள் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டில் சிதறியிருக்கும். இந்த ஒரு குறிப்பு தெரியாமல் வன்னிக் கன்றைப் பிடுங்கி எறிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அது என்னை இன்றும் வருத்துகிறது. இவ்வாறு குழப்பும் இணைகளுக்கென்று உங்கள் காட்டுக்கே உரிய ஒரு பக்கத்தைக் குறிப்பேட்டில் தயாரித்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். ‘தெரியாத புல் 3’ என்று எழுதி, இலையின் அடிப்பக்கம், கணு, இலைக்காம்பின் அடி, முழுச்செடி என நான்கு படங்கள் எடுங்கள். மாதிரி தேவைப்பட்டால் கட்டத்துக்கு வெளியே, உரிய அனுமதியோடு, அதே இனம் பலவாக இருக்கும் இடத்தில் மட்டும் எடுங்கள். கட்டத்துக்குள்ளிருந்து எடுத்தால் அளக்க வந்த பொருளை நாமே மாற்றிவிடுகிறோம். செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்தி, நாளும் தாள் மாற்றி உலர்த்தி, கட்ட எண்ணும் நாளும் எழுதி வையுங்கள்.

எப்போது போவது

ஆண்டுக்கு இரண்டு முறையாவது போங்கள். ஓராண்டுச் செடிகள் தழைத்திருக்கும்போது ஒருமுறை, புற்கள் பூத்திருக்கும்போது ஒருமுறை. நாள்காட்டித் தேதியைவிடச் செடிகளின் நிலையைப் பின்பற்றுவது நல்லது. மழை ஒரு மாதம் தள்ளிப்போன ஆண்டில் அதே தேதியில் போனால், முளைக்காத செடிகளை மறைந்துபோன செடிகள் என்று எழுதிவிடுவோம். தீ, மேய்ச்சல், மரம் விழுதல், விறகு வெட்டிய தடம் எதைக் கண்டாலும் குறியுங்கள். நாட்டு இனங்கள் குறைந்ததற்கு அயல் செடிதான் காரணமா, தீயா என்று பின்னால் கேள்வி எழும்.

அயல் செடி இல்லாத கட்டங்களுக்கு முதலில் போங்கள். மண்டிய கட்டங்களைக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்தை விட்டு வெளியேறும்போதும் செருப்பின் அடி, காலுறை, பை, டேப் ஆகியவற்றைத் தூரிகையால் துடைத்து, ஒட்டியிருக்கும் விதைகளை ஒரு பையில் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். ஒரு பார்த்தீனியச் செடி ஆயிரக்கணக்கில் விதை தரும். கணக்கெடுக்கப் போனவரே அந்த விதையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மன்னிக்க முடியாதது.

கணக்கு

ஒரு கட்டத்தில் 20 நாட்டு இனங்கள் மட்டும் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் மூன்று மறைந்து, ஆறு அயல் இனங்கள் நுழைந்தன. மொத்தம் 23. ‘இனப்பன்மை உயர்ந்துள்ளது’ என்று அறிக்கை எழுதினால் எண் பொய் சொல்லவில்லை, ஆனால் காடு இழந்ததை அது மறைத்துவிட்டது. எனவே நாட்டு இனங்களின் எண்ணிக்கையையும் அயல் இனங்களின் எண்ணிக்கையையும் ஒருபோதும் கூட்டி மட்டும் தராதீர்கள். இரண்டையும் தனித்தனியாக, ஒவ்வொரு பரப்பளவுக்கும் எழுதுங்கள். அதோடு, செடிகள் மறைக்கும் மொத்தப் பரப்பில் அயல் செடிகளின் பங்கு எவ்வளவு என்பதையும் தாருங்கள்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு, இனப்பன்மையை அளக்கும் ஷானன் குறியீடு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வோர் இனத்தின் பங்கையும் அதன் இயல் மடக்கையால் பெருக்கி, கூட்டி, குறியை மாற்றினால் அது கிடைக்கும். ஐந்து இனங்கள் சமமாக இருந்தால் மதிப்பு 1.61. அதே ஐந்தில் ஒன்று 80 சதவீதத்தையும் மற்ற நான்கும் தலா 5 சதவீதத்தையும் பிடித்திருந்தால் 0.78. இதைச் சமமாக உள்ள இனங்களின் எண்ணிக்கையாகத் திருப்பினால் முன்னது 5, பின்னது ஏறத்தாழ 2.2. இனம் எதுவும் மறையவில்லை, ஆனாலும் ஒன்று மற்றவற்றை நெருக்கிவிட்டது. அந்த நெருக்கடியை இனங்கள் மறைவதற்கு முன்பே இந்த எண் காட்டுகிறது.

ஆண்டுக்கு ஆண்டு இனங்கள் எவ்வளவு மாறின என்பதற்கு ஜக்கார்டு முறை எளிது. இரண்டு ஆண்டிலும் இருந்த இனங்களை, ஏதாவது ஓர் ஆண்டில் இருந்த மொத்த இனங்களால் வகுக்க வேண்டும். பொதுவாக 15, மொத்தம் 25 என்றால் 0.6. இந்த எண்ணை நம்புவதற்கு முன் உங்கள் கண்ணைச் சோதியுங்கள். பத்தில் ஒரு கட்டத்தை அதே வாரத்தில் இன்னொருவர் உங்கள் தாளைப் பார்க்காமல் கணக்கெடுக்கட்டும். உங்கள் இருவருக்கும் இடையே வரும் வேறுபாட்டைவிட ஆண்டுகளுக்கு இடையேயான வேறுபாடு பெரிதாக இருந்தால்தான் காடு மாறியது என்று சொல்லலாம்.

அயல் செடிகளை அகற்றப் போகிறீர்கள் என்றால், குறைந்தது ஓராண்டாவது முன்கூட்டியே அளந்துவிட்டு, இணையான சில கட்டங்களில் கை வைக்காமல் விடுங்கள். அகற்றிய இடத்தையும் அகற்றாத இடத்தையும் ஒரே மழையில், ஒரே வறட்சியில் ஒப்பிட்டால்தான் மாற்றத்துக்கு நம் வேலை காரணமா என்று தெரியும். நான் தொடக்கத்தில் சொன்ன அந்த இடத்தில், பிறகு முறையாகக் கட்டம் அமைத்துப் பார்த்தபோது, புதர் போன வெளிச்சத்தில் வேறோர் அயல் புல் படர்ந்துகொண்டிருந்தது. 3 சதவீதத்தில் அதைக் கண்டுபிடித்ததால் கையால் பிடுங்க முடிந்தது. இப்போது அந்தச் சட்டங்களில் நாட்டுக் கன்றுகளின் எண்ணிக்கையைத்தான் முதல் வரியாக எழுதுகிறேன்.

களத்தாள்களை அன்று மாலையே படமெடுத்து, அந்த வாரத்துக்குள் கணினியில் ஏற்றி, மூன்று இடங்களில் வையுங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தை உங்களுக்குப் பின் வரப்போகும், உங்களைப் பார்த்தேயிராத ஒருவருக்காக எழுதுங்கள். எந்த மரத்திலிருந்து எந்தத் திசையில் எத்தனை அடி நடந்தால் தென்மேற்கு முளை கிடைக்கும், அந்த மரம் விழுந்துவிட்டால் எந்தப் பாறையை அடையாளமாகக் கொள்வது, சட்டங்களுக்கு எந்த மூலையிலிருந்து எண் இட்டிருக்கிறீர்கள், படம் எடுத்தபோது கேமரா எந்த உயரத்தில் எத்தனை பாகைத் திசையில் இருந்தது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். எழுதியதை வேறொருவர் கையில் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பின்னால் நடந்து, அவர் முளையைக் கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள்.